கீழே இல்லாத கோல்கீப்பர்

ஸ்தாரி ஷிப்,
4 செப்டம்பர் 1995

திரு. எங்கல்பெர்ட் கொச்சிமா அவர்களுக்கு,

இல்லை, அம்மா என்னை எழுதச் சொல்லவில்லை. உறையின் பின்பக்கம் பிக்கா என்ற பெயரைப் பார்த்ததும் நீங்கள் முதலில் நினைப்பது அதுவாகத்தான் இருக்கும். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

என் பெயர் யுதித்தா. சுரங்கத்தின் விளக்கறையில் வேலை பார்த்த ஹில்டாவின் மகள். நீங்கள் ஊரைவிட்டுப் போனபோது எனக்குப் பத்து வயது. கத்தோவித்ஸே நகரில் வரலாறு படித்தேன். ஹெலெனா கால்பந்துக் கழகத்துக்கு இந்த ஆண்டு எழுபத்தைந்து நிறைகிறது. டிசம்பர் நான்காம் தேதி, சுரங்கக்காரர்களின் பார்பரா திருநாளன்று, கழக வரலாறு புத்தகமாக வர வேண்டும். எழுதும் வேலை என்னிடம் வந்தது. வேறு யாரும் கேட்கவில்லை என்பதால் வந்தது.

1920. க்ரோல் மதுக்கடையின் பின்னறை. பதினான்கு சுரங்கத் தொழிலாளர்கள், ஒரு பந்து, ஏழு ஜோடி பூட்ஸ். 1922இல் நாட்டின் எல்லைக்கோடு மைதானத்துக்கு நானூறு மீட்டர் தள்ளி விழுந்தது. வலது ஓரத்தில் ஆடியவர் காலையில் எழுந்தபோது வெளிநாட்டுக்காரர். போர்க்காலத்தில் கழகத்துக்கு ஜெர்மன் பெயர். 1949இல் அரசு கொடுத்த பெயர். மொத்தம் ஆறு பெயர்கள். மைதானம் ஒன்றுதான்.

விழாக்குழுத் தலைவர் உங்கள் பழைய பயிற்சியாளர் லூபோஸ். எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். போர்க்காலப் பெயருக்குக்கூட. 1974க்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "இத மட்டும் ரெண்டே வரில முடிச்சுடு, குழந்தை. நானே எழுதி வெச்சிருக்கேன்" என்றார்.

அந்த இரண்டு வரி: "மார்ச் 12 சுரங்க விபத்தில், விளக்கறை ஊழியரின் கவனக்குறைவால், மீட்புப் படை வீரர் அலோய்ஸ் நவ்ராத் உயிரிழந்தார். கோல்கீப்பர் கொச்சிமா உடல்நலமின்றி முன்னதாகவே மேலே வந்துவிட்டிருந்தார்."

விளக்கறை ஊழியர் என் அம்மா. அந்த வரி என் பெயரில் அச்சாகப் போகிறது.

எனக்கு வேண்டியது மூன்று வரி. அன்று நீங்கள் சுரங்கத்துக்குள் இறங்கவே இல்லை என்று. உங்கள் கையெழுத்தோடு. அக்டோபர் 30 அன்று அச்சுக்குப் போகிறது.

யுதித்தா பிக்கா

*

கெல்சன்கிர்ஷன்,
15 செப்டம்பர்

செல்வி பிக்கா,

பதினேழு வருடத்தில் ஸ்தாரி ஷிப்பிலிருந்து இந்த வீட்டுக்கு இரண்டு தபால் வந்திருக்கிறது. முதலாவது என் அண்ணன் இறந்த செய்தி. அதைவிட உங்களுடையது நீளம்.

நீங்கள் படித்தவர். அதனால் தெரிந்திருக்கும்: அந்தக் காலத்தில் எல்லாக் கழகமும் அப்படித்தான். தொழில்முறை ஆட்டம் என்று ஒன்று கிடையாது. காகிதத்தில் நாங்கள் எல்லோரும் சுரங்கத் தொழிலாளர்கள். எந்தச் சுரங்கத்தின் பட்டியலை எடுத்தாலும் நிலக்கரியை அடுப்பில் மட்டும் பார்த்த ஒன்பது, பத்துப் பேர் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பதினைந்தாயிரம் பேர் வந்து கத்தினார்கள். 'திங்கட்கிழமை இவனுங்க எங்க வேலை பாக்கறாங்க?' என்று ஒருத்தன் கேட்டானா? எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் கைதட்டினார்கள்.

விசாரணை நடந்தது. முடிந்தது. கையெழுத்துப் போட்டேன். இருபத்தோரு வருடத்துக்குப் பிறகு காகிதத்தைக் கிளறி யாருக்கு என்ன கிடைக்கப் போகிறது? நவ்ராத் எழுந்து வருவாரா?

உங்கள் அம்மா நல்ல பெண்மணி. நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வேண்டாம். சொல்ல வேண்டாம்.

எ. கொச்சிமா

*

ஸ்தாரி ஷிப்,
24 செப்டம்பர்

திரு. கொச்சிமா,

யாருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். தெரிந்ததை எழுதுகிறேன்.

விசாரணைக்குப் பிறகு அம்மாவை விளக்கறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஓடும் பட்டையின் பக்கத்தில் நின்று நிலக்கரியிலிருந்து கல் பொறுக்கும் வேலை. பதினாறு வருடம். விரல்கள் இப்போது முழுதாக நீள்வதில்லை. அதைப் பற்றி அவர் குறை சொன்னதில்லை.

நாங்கள் இருப்பது அதே செங்கல் குடியிருப்பு. முதல் மாடி. நவ்ராத்தின் மனைவி மூன்றாம் மாடி. ஒரே படிக்கட்டு. அவர் இறங்கி வரும் சத்தம் கேட்டால் அம்மா கதவுக்குள்ளேயே நிற்பார், கையில் பையோடு, சத்தம் முடியும்வரை. தேவாலயப் பூசையில் ஒருவருக்கொருவர் அமைதி சொல்லிக் கைகொடுக்கும் நேரம் வரும்போது பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேட ஆரம்பித்துவிடுவார். இதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். மற்ற வீடுகளில் வேறு மாதிரி என்று பள்ளிக்குப் போன பிறகு தெரிந்தது.

விளக்கறையில் அம்மாவோடு வேலை பார்த்த த்ருத்காவைப் போய்ப் பார்த்தேன். நிறைய சிரித்தார், கொஞ்சம் அழுதார். சுரங்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு விளக்கு, எண் போட்ட ஒரு பித்தளை வில்லை. ஆள் இறங்கினால் வில்லை 'கீழே' என்று எழுதிய பலகைக்குப் போகும். ஏறி வந்தால் திரும்ப வரும். ஆட்டக்காரர்கள் ஒன்பது பேருடைய வில்லைகளைத் தினமும் காலையில் பெண்களே நகர்த்தி வைத்துவிடுவார்கள். விளக்குகள் பெஞ்சுக்கு அடியில், துணி போட்டு மூடி. வாய்மொழி உத்தரவு. எழுத்தில் எதுவும் கிடையாது. உங்கள் எண் 412. அம்மா அதை மாட்டிவிட்டு, "கோல்கீப்பரை எறக்கியாச்சு. அடுத்து எவன்டா மாப்பிள்ளை?" என்பாராம். த்ருத்கா அதே குரலில் சொல்லிக் காட்டினார். அம்மா அப்படிப் பேசி நான் ஒருமுறையும் கேட்டதில்லை.

அன்று பாறை வெடித்துச் சரிந்த பகுதிக்குரிய பதினேழு வில்லைகள் 'கீழே' பலகையில் இருந்தன. பதினாறு ஆட்களை மேலே கொண்டுவந்துவிட்டார்கள். பதினேழாவது 412. தேடிக்கொண்டு திரும்ப உள்ளே போனார்கள். இரண்டாவது முறை சரிந்தது. நவ்ராத்.

இத்தனை வருடத்தில் ஒரே ஒருமுறை அம்மாவிடம் கேட்டேன். "அவன் கீழ இல்லன்னு சொன்னேன். அவ்ளோதான்" என்றார். எழுந்து போய்த் துணி காயப் போட்டார்.

மூன்று வரி, திரு. கொச்சிமா.

யுதித்தா

*

கெல்சன்கிர்ஷன்,
3 அக்டோபர்

யுதித்தா,

'செல்வி' என்று எழுதக் கை வரவில்லை. உன்னை நான் பார்த்திருக்கிறேன். விளக்கறை ஜன்னலுக்குள் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருப்பாய். சம்பள நாளில் நாங்கள் அங்கே வருவோம். அன்று மட்டும்.

நான் இங்கே நகராட்சி நீச்சல் குளத்தில் மேற்பார்வை பார்க்கிறேன். யாராவது மூழ்கினால் குதிக்க வேண்டும். இதுவரை யாரும் மூழ்கவில்லை. உட்கார்ந்திருப்பதற்கு உயரமான நாற்காலி. யோசிக்க நிறைய நேரம்.

என்னைப் பற்றி ஒன்று சொல்கிறேன். சிரித்துக்கொள். நம் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் இங்கே நிறைய. அவர்களுக்குச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் ஒன்று. ஒவ்வொரு பார்பரா திருநாளுக்கும் நான் கறுப்புச் சீருடை, பித்தளைப் பொத்தான், கறுப்பு இறகு வைத்த தொப்பி போட்டுக்கொண்டு ஊர்வலத்தில் போகிறேன். முதல் வரிசை, உயரமாக இருப்பதால். நுரையீரல் போன கிழவர்கள் என் தோளில் தட்டி, "நீ எந்த மட்டத்துல வேலை பாத்த?" என்று கேட்பார்கள். "அறுநூத்தி அம்பது மீட்டர்" என்று சொல்வேன். கூசாமல். என் மகனிடமும் அதைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் ஒரே ஒருமுறை இறங்கினேன். 1971. பத்திரிகைப் புகைப்படத்துக்காக. இருபது நிமிடம். முகத்தில் கரி போதவில்லை என்று எங்கள் மசாஜ்காரர் பூட்ஸ் பாலிஷ் பூசிவிட்டார். மூன்று நாள் கறை போகவில்லை.

விபத்துக்குப் பிறகு வெளியூர் ஆட்டங்களில் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று கத்துவார்கள். "நானூத்திப் பன்னெண்டு! ஷிஃப்ட் முடிஞ்சுது, மேல வா!" பந்து வரும்போது சரியாகக் கத்துவார்கள். நாலு வருடம் கேட்டேன். பிறகு இங்கே, மேற்கு ஜெர்மனியில், ஒரு நட்பு ஆட்டத்துக்கு வந்தோம். விடுதியின் பின்வாசல் வழியாக நடந்தேன். அரசியல் காரணம் என்று அடைக்கல மனுவில் எழுதினேன். அதுவும் பொய்தான்.

நீ கேட்டது:

'12 மார்ச் 1974 அன்று நான் சுரங்கத்துக்குள் இறங்கவில்லை. அதற்கு முன்பும் வேலைக்காக இறங்கியதில்லை. என் வில்லை நிர்வாகத்தின் உத்தரவுப்படி நகர்த்தப்பட்டது. எங்கல்பெர்ட் கொச்சிமா.'

நான்கு வரி ஆகிவிட்டது. என்னைத் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு அன்று சாயங்காலம்தான் தெரியும். இதற்குமேல் கேட்காதே.

எங்கல்பெர்ட்

*

ஸ்தாரி ஷிப்,
9 அக்டோபர்

திரு. கொச்சிமா,

கிடைத்தது. இந்தக் கடிதத்தை நன்றியோடு முடித்திருக்கலாம். இரண்டு நாள் முயன்றேன்.

விசாரணை நகல் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பதினோரு தாள். அம்மா சொன்னது ஒன்பதாம் தாளில்: 412 கீழே இல்லை என்று கட்டுப்பாட்டு அதிகாரியிடம் சொன்னேன்; பெஞ்சுக்கு அடியிலிருந்து விளக்கை எடுத்துக் காட்டினேன். "விளக்கு பேசாதும்மா. ஆளக் கூட்டிட்டு வா, தேடறத நிறுத்தறேன்" என்றார். மைதானத்துக்கு ஓடினேன். ஆட்டக்காரரைக் கூப்பிட்டேன். வரவில்லை.

பத்தாம் தாள். அதிகாரி: அப்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. லூபோஸ்: அன்று மைதானத்துக்கு எந்தப் பெண்ணும் வரவில்லை.

பதினோராம் தாள் உங்களுடையது: உடம்பு சரியில்லாமல் பத்து மணிக்கே மேலே வந்தேன், வில்லையைக் கொடுத்தேன், ஊழியர் மாட்ட மறந்திருப்பார்.

நீங்கள் இப்போது அனுப்பிய நான்கு வரி பதினோராம் தாளைக் கிழிக்கிறது. ஒன்பதாவதும் பத்தாவதும் அப்படியே நிற்கின்றன. வில்லையை மறந்தவள் என்பது போய், எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் என்று ஆகும். நவ்ராத்தின் மனைவி இப்போதே நம்புவது அதைத்தான். "தெரியும் அவளுக்கு. வேலை போயிடும்னு பயந்துட்டா." இதைப் படிக்கட்டில் வைத்துச் சொன்னார், நான் எட்டாவது படிக்கும்போது.

அன்று அம்மா வீட்டுக்கு வந்ததை நான் பார்த்தேன். விளக்கறை மரச்செருப்பு. குதிகாலில் தோல் உரிந்து ரத்தம். ஆறு வயதில் எனக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் விளக்கறையில் உட்கார்ந்திருப்பவருக்குக் குதிகால் உரியாது.

அவர் மைதானத்துக்கு வந்தாரா?

யுதித்தா

*

கெல்சன்கிர்ஷன்,
18 அக்டோபர்

யுதித்தா,

வந்தார்.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால். பயிற்சி முடித்துவிட்டு உடைமாற்றும் அறையில் இருந்தோம். கொதிகலனில் தண்ணீர் சூடாகக் காத்திருந்தோம். காலையில் விபத்துச் சங்கு ஊதியதை எல்லோரும் கேட்டிருந்தோம். மசாஜ்காரர் ஓடிவந்து சொன்னார்: "பதினாறு பேர் வந்துட்டாங்க. ஒருத்தன்தான் பாக்கி. நானூத்திப் பன்னெண்டாம்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "டேய் பெர்ச்சிக், உன்னத்தான்டா தேடறாங்க. எப்படா செத்த?" என்றான் ஒருத்தன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று நேற்று முழுவதும் யோசித்தேன்.

பிறகு கோட்டை எடுத்தேன். லூபோஸ் கதவில் நின்றார்.

"எங்க?"

"ஆள் இருக்கேன்னு சொல்லிட்டு வந்துடறேன்."

"நீ போய் நின்னா ஒம்பது பேர் கதையும் வெளிய வரும். சுரங்க டைரக்டர் ஜெயிலுக்குப் போவாரு. நான் போவேன். கழகத்த இழுத்து மூடுவாங்க. நான் ஃபோன்ல டைரக்டர்கிட்ட பேசி நிறுத்தச் சொல்றேன். நீ உக்காரு."

உட்கார்ந்தேன். அவர் போன் செய்தார். அதைச் சொல்ல வேண்டும். டைரக்டர் வெளியூரில் கூட்டத்தில் இருந்தார். திரும்பத் திரும்பச் சுழற்றினார். யாரும் எடுக்கவில்லை.

அப்போது உன் அம்மாவின் குரல்.

"பெர்ச்சிக்! எங்கல்பெர்ட்! வெளிய வாய்யா!"

லூபோஸ் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"இங்க யாரும் இல்லம்மா. பசங்க எல்லாம் அப்பவே போயாச்சு."

"பொய் சொல்லாதீங்க. பூட்ஸ் பூரா வாசல்ல கெடக்கு."

"நான் டைரக்டர்கிட்ட பேசிட்டிருக்கேன். நீ போ."

"டைரக்டரா உள்ள எறங்கியிருக்காரு? அலோய்ஸும் பசங்களும் திரும்பவும் உள்ள போறாங்கய்யா, இவன் ஒருத்தனத் தேடி! பெர்ச்சிக்! ஒரு நிமிஷம் வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போ, போதும்! யார்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன்!"

பிறகு சுவரைச் சுற்றி நடந்துகொண்டே கூப்பிட்டார். ஒவ்வொரு ஜன்னலாக. ஜன்னல்கள் உயரத்தில் இருந்தன, பால் கண்ணாடி. நான் உட்கார்ந்திருந்த பெஞ்சின்மேல் ஏறி நின்றிருந்தால் போதும். கை வைத்தால் திறக்கும். கால் மணி நேரம் கூப்பிட்டார். குரல் உடைந்த பிறகும் கூப்பிட்டார். அறையில் பதினான்கு பேர். ஒருவரையொருவர் பார்க்காமல் பதினான்கு பேர் எப்படி உட்கார முடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

குரல் நின்றது. யாரோ தண்ணீர் சூடாகிவிட்டது என்றார்கள். குளித்தேன்.

நான் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது தரை அதிர்ந்தது. கொக்கியில் தொங்கிய சோப்புப் பெட்டி ஆடியது.

அவ்வளவுதான். இதை முழுவதும் போடு. என் பெயரோடு, சிரித்ததோடு, குளித்ததோடு. இங்குள்ள நோட்டரியிடம் ஒரு பிரதியில் முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். மகனிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு வெளியே போனான், இன்னும் பேசவில்லை. சீருடையைச் சங்கத்தில் திருப்பிக் கொடுத்தேன். "ஏன்யா, வயிறு போட்டுடுச்சா?" என்றார்கள். ஆமாம் என்றேன். அதை அடுத்த வாரம் போய்த் திருத்த வேண்டும்.

உன் அம்மாவிடம் சொல். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது. எழுதாமல் விட்டாலும் புரிந்துகொள்வேன்.

எங்கல்பெர்ட்

*

ஸ்தாரி ஷிப்,
30 அக்டோபர்

திரு. கொச்சிமா,

வெள்ளிக்கிழமை லூபோஸின் வீட்டுக்குப் போனேன். உங்கள் கடிதத்தை மேசைமேல் வைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, உதடு அசைய, மெதுவாகப் படித்தார். அவருக்கு எழுபத்து நான்கு வயது. கத்துவார் என்று நினைத்திருந்தேன். என்ன பதில் சொல்வது என்று பேருந்திலேயே ஒத்திகை பார்த்திருந்தேன்.

"இது விழாப் புத்தகம், குழந்தை" என்றார் கடைசியில்.

"தெரியும்."

"அந்தப் பக்கத்துல என் படம் இருக்கா?"

"இருக்கு. கோப்பையோட."

"எடுத்துடு."

சரி என்று எழுந்தேன். வாசல்வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார். "வேணாம். இருக்கட்டும். நான்தான கதவைச் சாத்தினேன்."

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, அம்மா சமையலறையில் உருளைக்கிழங்கு மாவை உருட்டி, ஒவ்வொரு உருண்டையிலும் கட்டைவிரலால் குழி வைத்துக்கொண்டிருந்தார். விரல் அப்படி இருந்தாலும் குழி வைக்க முடிகிறது. உங்களுக்கு எழுதியதை ஒப்புக்கொண்டேன். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவர் கை நிற்கவில்லை. ஜன்னல்கள் வரும் இடத்தில் நின்றது.

"கேட்டிருக்கான்" என்றார்.

அடுத்த உருண்டையை எடுத்தபடி: "நான் தப்பான பக்கம் நின்னு கத்திட்டேன்னு நெனச்சிட்டிருந்தேன் இத்தன வருஷமா. அவன் அங்கதான் இருந்திருக்கணும், எனக்குத்தான் எந்த ஜன்னல்னு தெரியாமப் போச்சுன்னு. இன்னும் சத்தமாக் கத்தியிருக்கணுமோன்னு."

இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். உருண்டைகளைக் கொதிநீரில் போட்டார். சாப்பிட்டோம்.

உங்களைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்டிருந்தீர்கள். மன்னித்ததாக எதுவும் சொல்லவில்லை. இட்டுக்கட்டி எழுத எனக்கு உரிமை இல்லை. பாத்திரம் கழுவும்போது, "நல்லாப் புடிப்பான். ஒசரப் பந்துன்னா மட்டும் கொஞ்சம் பயம்" என்றார். கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. முதுகு என் பக்கம் இருந்ததால் உறுதியாகச் சொல்ல முடியாது.

பிறகு துணியில் கை துடைத்துக்கொண்டே சொன்னார்: "அலோய்ஸ் பொண்டாட்டிக்கு மொதல்ல படிச்சுக் காட்டு. அச்சுல பாத்து அவ தெரிஞ்சுக்கக் கூடாது."

இன்று காலை எட்டு மணிக்கு மூன்றாம் மாடிக்குப் போனேன். நவ்ராத்தின் மனைவி கதவுச் சங்கிலியை எடுக்காமல் இடைவெளி வழியாகப் பார்த்தார். "பிக்கா வீட்டுப் பொண்ணுக்கு இங்க என்ன?" என்றார். படிக்கட்டில் நின்றபடியே படிக்கத் தொடங்கினேன். தன் கணவரின் பெயர் வந்ததும் சங்கிலியை எடுத்தார். உட்காரச் சொல்லவில்லை. அவரும் உட்காரவில்லை. முடித்தபோது, "கால் மணி நேரமா கூப்பிட்டா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தாள்களைக் கையில் வாங்கி, எழுத்தைப் பார்த்து, அவரே ஒருமுறை படித்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார். "போடு" என்றார். நான் இறங்கி எங்கள் மாடிக்கு வந்த பிறகும் மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்கவில்லை.

அங்கிருந்து ட்ராம் பிடித்து அச்சகத்துக்குப் போனேன். 1974ஆம் ஆண்டுப் பக்கத்திலிருந்து அந்த இரண்டு வரியை எடுத்தேன். விசாரணையின் ஒன்பதாம் தாளையும், அதன்கீழ் உங்கள் கடிதத்தையும் வைத்தேன். எழுத்துக் கோப்பவர் முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன். மெய்ப்புத் தாள்கள் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு நடந்து வந்தேன்.

யுதித்தா